திரிகரண சுத்தி

சிங்கவரம் குன்றின் படியேறி, குடைவரையில் பள்ளிகொண்ட ஸ்ரீரங்கநாதனைச் சேவிக்கும் அன்பர் யாவரும், 'பெருமாள் திருமுன் அனைவரும் சமம்' என்றே கூறுவர். ஆயினும் ததியாராதனப் பந்தியில் அமருங்கால், அருகிலிருப்பவர் யாவரென ஓரக்கண்ணால் நோக்குவோரும் உளர். மனக்கொள்கையும் செயலும் இங்ஙனம் வேறுபடுவது ஏன்?

லாப்பியர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், 1930-ஆம் ஆண்டு தொடங்கி ஒரு சீனத் தம்பதியருடன் அந்நாடெங்கும் பிரயாணம் செய்தார். அக்காலத்தில் அங்கே சீனர்பால் வெறுப்பு மிகுதி. எனினும் விடுதியும் உணவகமுமாகிய 251 இடங்களுள் ஒன்றே அவர்களை மறுத்தது. பின்னர், 'சீனரை ஏற்பீரோ?' எனக் கடிதவாயிலாக வினவியபோது, விடையளித்தோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் 'ஏலோம்' என்றனர். 1934-இல் அவர் இதனை வெளியிட்டார். கடிதத்தில் கண்டது இனத்தின் பெயர். வாயிலில் கண்டதோ புன்முறுவல் பூத்த மனிதர்.

செஞ்சியிலும் சான்று உண்டு. அரங்கனிடம் ஆழ்ந்த பக்தி பூண்ட தேசிங்குராஜன், 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்டான். வேற்றுச் சமயத்தவனாகிய தோழன் மகபத்கான், தன் திருமணத்தையும் விடுத்து வந்து உடன் பொருதான் என்று கதைப்பாடல் கூறும். அந்நட்பு வாய்ச்சொல்லன்று, நெடுநாட் பழக்கத்தின் பயன்.

மனம், வாக்கு, காயம் மூன்றும் ஒன்றுதலே திரிகரண சுத்தி. ஒருமுறை செய்த உபசாரம் அவ்விடுதியாரின் விடையை மாற்றவில்லை. பன்முறை செய்யும் நற்செயலோ மனத்தையும் தன்வழி ஈர்க்கும். மனம் தூயதாகட்டும் எனக் காத்திராமல், அறியாதார் ஒருவர் அருகமர்ந்து அடியார் பிரசாதம் உண்பாராக. 'சமம்' என்னும் சொல் மெய்யாவது அங்கேதான்.