நல்ல ஏரியா

பெண் தனியாகப் பயணம் போகிறாள் என்றால் நம் ஊரில் முதலில் வரும் கேள்வி, "யார் கூட?" அதைத் தாண்டிவிட்டால், "எங்கே தங்குவே?" மூன்றாவது கேள்வி குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு வரும்: "அது நல்ல ஏரியாவா?" இந்த மூன்றாவதோடுதான் சில மாதங்களாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சிசிலித் தீவில் இருக்கிறது இத்தாலியத் துறைமுக நகரமான பலெர்மோ. அங்கே போக எனக்கு ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. அறை தேட உட்கார்ந்தால் விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே திசையைக் காட்டுகிறார்கள். வடக்கே வியா லிபெர்தா பக்கம் போ, அகலமான சாலை, மரநிழல், கண்ணியமான குடும்பங்கள். கடல் வேண்டுமென்றால் மொந்தெல்லோ. பழைய நகரத்தில் பல்லரோ சந்தையைச் சுற்றியுள்ள அல்பெர்கெரியாவைப் பகலில் வேடிக்கை பார்க்கலாம், ராத்திரி தங்க வேண்டாம். ஏன் என்று கேட்டால், வெளியாட்கள் அதிகமாம்.

அந்த வெளியாட்களில் தமிழர்களும் உண்டு. 1980களிலிருந்து ஈழத்தமிழர்கள் அங்கே வேர்பிடித்திருக்கிறார்கள். நகரத்தின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் மலைக்கோயிலுக்கு இந்துத் தமிழர்களும் ஏறிப்போகிறார்கள். 1943 குண்டுவீச்சில் பழைய நகரம் சிதைந்தது. வசதியுள்ளவர்கள் புது அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். வாடகை மலிந்து கிடந்த பழைய வீடுகள், தூரத்திலிருந்து வந்தவர்களுக்குக் கிடைத்தன. ஈழத்துப் பெண்கள் பலர் இத்தாலியர் வீடுகளில் துப்புரவு செய்கிறார்கள், முதியோரைக் குளிப்பாட்டி ஊட்டிவிடுகிறார்கள். கண்ணியமான வீட்டுக்குள் காலையில் நம்பி விடப்படுகிற பெண், மாலையில் திரும்பிப்போகிற தெரு மட்டும் எப்படி நம்பத்தகாததாகிறது?

எனக்கு இது புதிய கணக்கல்ல. போடிநாயக்கனூரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், "எந்தத் தெருவுலேர்ந்து வர்றீங்க?" என்று கேட்பார்கள். முகவரி தெரிந்துகொள்ளக் கேட்பதில்லை அது. சாதியை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் தெருவைக் கேட்கிறார்கள். 'நல்ல ஏரியா' என்பதும் அந்தக் கேள்வியின் படித்த வடிவம்தான் என்று வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன்.

ஆனாலும் பெண்ணின் பயத்தை இப்படி முற்போக்குப் பேசித் துடைத்துவிட முடியாது. இரவு பத்து மணிக்குத் தெரியாத ஊரில், பூட்டு சரியில்லாத அறையில் உட்கார்ந்திருப்பவளிடம் போய், "உன் பயம் ஒரு வர்க்க முன்முடிவு" என்று சொன்னால் அவள் செருப்பைத் தேடுவாள். நானும் தேடுவேன். எனவே பயப்படலாமா கூடாதா என்பது கேள்வியில்லை. எதை அடையாளமாக வைத்துப் பயப்படுகிறோம்?

சிலப்பதிகாரத்தில் இதே தேர்வு ஒருமுறை நடக்கிறது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வந்து, மதிலுக்கு வெளியே புறஞ்சேரியில் நிற்கிறார்கள். கோவலனின் தந்தை பெயரைச் சொன்னால் எதிர்கொண்டு அழைத்துப்போக நகரத்துக்குள் செல்வர் வீடுகள் உண்டு. அதுவரை எங்கே தங்குவது? கவுந்தியடிகள் அந்த வழியே வந்த இடைச்சி மாதரியிடம் கண்ணகியை ஒப்படைக்கிறார். பசுவைக் காத்து அதன் பயனைப் பிறருக்குக் கொடுக்கும் ஆயர் வாழ்க்கையில் கொடுமை இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். அங்கே இருப்பவர்கள் அன்றாடம் என்ன செய்து பிழைக்கிறார்கள் என்று பார்க்கிறார். மாதரி தனி வீடு தருகிறாள், மகள் ஐயையைத் துணைக்கு விடுகிறாள்.

மதுரையில் அவர்களுக்கு ஆபத்து எங்கிருந்து வந்தது? ஆயர்பாடியிலிருந்து வரவில்லை. பொற்கொல்லன் வாசலிலிருந்தும் அரண்மனையிலிருந்தும் வந்தது. விலை கொடுத்ததில் மாதரியும் ஒருத்தி. அடைக்கலமாக வந்தவளைக் காக்க முடியவில்லையே என்று தீயில் விழுந்து இறக்கிறாள். கண்ணகிக்குக் கம்பம் பக்கத்து மலைமேல் மங்கலதேவி கோயில் இருக்கிறது, சித்ரா பௌர்ணமிக்கு மக்கள் ஏறுகிறார்கள். இடம் கொடுத்தவளை யார் நினைக்கிறார்கள்? விருந்தினரின் பாதுகாப்பைப் பேசும் நாம், விருந்தினர் வந்ததால் அந்தத் தெருவுக்கு என்ன ஆகும் என்று கேட்பதே இல்லை. பலெர்மோ போன்ற நகரங்களில் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவது லாபம் என்றானதும் வெளியேற வேண்டியிருப்பது மாத வாடகைக்காரர்கள். நான் பல்லரோவில் தங்குவதும் மாசற்ற செயலில்லை.

இந்த மலைச்சரிவுக்கே வருகிறேன். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் விடியுமுன்பே ஜீப்புகள் ஏறுகின்றன. உள்ளே ஒருவர் மடியில் ஒருவராகப் பெண்கள். கேரளத்து ஏலத்தோட்டங்களில் குத்தவைத்துத் தூரடியில் காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் இறங்குகிறார்கள். மேலே லயத்தில் தங்கலாம், ஆனால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் கீழே. தங்குமிடத்தை அவர்கள் தேர்ந்தெடுப்பது இவ்வளவுதான். அதே மலையில், 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு பக்கம் பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத்து லயங்கள்மேல் மண் சரிந்து 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். லயத்தை எங்கே கட்டுவது என்று அவர்களை யாரும் கேட்டிருக்கவில்லை. 2015 செப்டம்பரில் மூணாறின் தேயிலைப் பெண்கள் போனஸ் கேட்டு நடுச்சாலையில் வந்து உட்கார்ந்தபோது, சுற்றுலாப் பயணிகளுக்கு அந்த ஏரியா சில நாள் 'நல்லதாக' இல்லாமல் போயிருக்கும்.

பலெர்மோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தோழிக்கு எழுதினேன். பாதுகாப்பா என்று கேட்கவில்லை. வேலை முடிந்து பெண்கள் எத்தனை மணிக்கு எந்த வழியாக வீடு திரும்புகிறார்கள், வருஷக்கணக்காக அங்கேயே குடியிருந்து ஓர் அறையை மட்டும் வாடகைக்கு விடுகிற வீடு உண்டா என்று இரண்டே கேள்விகள். பதில் வந்தது: "சந்தைக்குப் பின்னாலை ஒரு அம்மா அறை குடுக்கிறா. நாங்கள் எல்லாரும் பெரிய தெருவாலைதான் வாறனாங்கள். தேவாலயத்துக்குப் பக்கத்துச் சந்தாலை மட்டும் வராதையுங்கோ, அதிலை லைற் எரியிறேல்லை. முனிசிப்பாலிட்டிக்கு மூண்டு தரம் சொல்லிப்போட்டம்."