மறுக்கும் மனம்

பிறர் சொல்லை மனம் மறுப்பது எதனால்? தன் உரிமை பறிபோவதாக உணரும் உள்ளம், தடுக்கப்பட்டதையே நாடும் என்றார் அமெரிக்க உளநூல் அறிஞர் ஜாக் பிரேம், 1966-இல். இதனை விடுதலை எனலாமோ? ஏவியதற்கு மாறாகவே என்றும் நடப்பவனும் ஏவலுக்குக் கட்டுண்டவனே அன்றோ!

வேறொரு மறுப்பும் உண்டு. 1950-களில் அந்நாட்டில் சாலமன் ஆஷ் என்பார், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் சோதனை ஒன்றில், உடனிருந்தோர் அனைவரையும் முன்னேற்பாட்டின்படி பிழையான விடையே கூறச் செய்தார். சோதிக்கப்பட்டோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ஒருமுறையும் இணங்கவில்லை. அவர்களுள்ளும் சிலர், பலர் கூறுவதே சரியாயிருக்கலாமென ஐயுற்றும், தம் கண் கண்டதையே உரைத்தனர். இதனைப் பிடிவாதம் என்று தள்ள மனம் ஒப்பவில்லை. சரியான விடை கூறும் துணை ஒருவர் அமைந்தபோதோ, கூட்டத்திற்கு இணங்கியோர் பெரிதும் குறைந்தனர்.