அனுமதியும் ஆசீரும்

தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் கல்யாணத்தன்று கோயிலுக்குக் கிளம்பும் முன் ஒரு சின்னச் சடங்கு உண்டு. பிள்ளை முழந்தாளிடும். அப்பா கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போடுவார். போட்டோகிராபர் "இன்னொரு தடவை அங்கிள்" என்பார். அந்தச் சிலுவை இல்லாவிட்டாலும் கல்யாணம் செல்லும். அப்புறம் அது எதற்கு?

திருச்சபையே ஒருமுறை இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டது. பெற்றோர் சம்மதமில்லாமல் மணம் முடிக்கும் 30 வயதுக்குட்பட்ட மகனையும் 25 வயதுக்குட்பட்ட மகளையும் சொத்திலிருந்து நீக்கலாம் என்று 1556இல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றி ஆணையிட்டார். அத்தகைய திருமணங்களையே செல்லாதவை ஆக்குங்கள் என்று திரெந்து பொதுச்சங்கத்தில் பிரெஞ்சுத் தரப்பு கேட்டது. 1563இல் சங்கம் மறுத்தது. அவற்றைத் திருச்சபை வெறுக்கிறது, தடை செய்கிறது. ஆனால் அவை செல்லாது என்று சொல்வது தவறு என்றது.

இது மழுப்பல் மாதிரி தெரியலாம். எனக்கு இதில் ஒரு தெளிவு தெரிகிறது. லத்தீன் மரபில் திருமணம் என்ற அருளடையாளத்தை வழங்குபவர் குரு அல்ல. மணமக்களே ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்கிறார்கள். அவர்களுடைய சம்மதத்துக்குப் பதிலாக வேறெந்த மனித அதிகாரமும் நிற்க முடியாது என்கிறது இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 1057ஆம் பிரிவு. குருவாலேயே கொடுக்க முடியாததை அப்பா எப்படிக் கொடுப்பார்?

அனுமதி, தடுக்கும் அதிகாரம் உள்ளவர் தருவது. ஆசீர், அந்த அதிகாரம் தனக்கு இல்லை என்று தெரிந்தும் ஒருவர் தருவது. இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்குத் தொடக்கநூலில் ஒரு கதை இருக்கிறது. ஈசாக்கு யாக்கோபை ஆசீர்வதித்த கையோடு, கானானியப் பெண்ணைக் கட்டாதே என்று கட்டளையும் போடுகிறார். ஏற்கனவே மனைவிகள் இருக்கும் ஏசா இதைப் பார்க்கிறான். அப்பாவுக்குப் பிடிக்கட்டுமே என்று இஸ்மயேலின் மகளையும் கட்டிக்கொள்கிறான். அப்பாவின் முகத்துக்காக ஒரு கல்யாணம். அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

நம் ஊரில் அந்த நிபந்தனைக்குப் பெயர் சாதி. ஞானஸ்நானத் தண்ணீரில் அது கரையவில்லை என்பது கத்தோலிக்க வரன் விளம்பரங்களைப் படித்தாலே தெரியும். தலித் கிறிஸ்தவரை மணக்க முடிவு செய்த மகள் வந்து முழந்தாளிட்டால், பல அப்பாக்கள் கையைக் கட்டிக்கொள்வார்கள். கொடுக்கும் அளவுக்கு இருந்தால் எல்லாமே இருக்கிறது என்ற நினைப்பு அது.

அப்படியென்றால் கேட்காமலே போய்விடலாமா? கேட்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் முடிவெடுத்த பிறகு. முடிவெடுத்துவிட்டுக் கேட்பது நாடகம் இல்லையா என்பார்கள். "செய்யட்டுமா" என்று கேட்டால்தான் அது நாடகம். "செய்யப்போகிறேன், நீங்களும் என்னோடு இருங்கள்" என்பது அழைப்பு. மறுத்தால் கல்யாணத்துக்கு ஒன்றும் குறையாது. அவருடைய இடம் காலியாக இருக்கும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு விலக்கு. கேட்டால் உயிருக்கு ஆபத்து என்கிற வீடுகளும் இங்கே இருக்கின்றன. அங்கே பிள்ளைக்கு அந்தக் கடன் கிடையாது. ஆசீர் கொடுக்கிற கையைப் பார்த்து யாரும் பயப்படக் கூடாது.