நடுவில் ஒரு சொல்

கல்முனைக்குத் தெற்கே, கடல் காற்றுக்குக் கொப்பித் தாள்கள் படபடக்கும் ஒரு வீட்டு விறாந்தை. எட்டாம் ஆண்டுப் பையன் ஆங்கிலப் பாடத்தைத் தடங்கலில்லாமல் வாசித்தான். வாப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கோ ஒரு பொல்லாத சந்தேகம். புத்தகப் பக்கத்தின் நடுவே ஒரு சொல்லில் விரலை வைத்து, "இது என்ன மகன்?" என்றேன். அவன் உடனே சொல்லவில்லை. முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்த இடம் வந்ததும் சொல்லைச் சொன்னான். சரியாகத்தான் சொன்னான்.

பிறகு, பாடத்தைப் பார்த்தெழுதிய கொப்பியைப் பார்த்தேன். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லின் தலையிலும் பென்சிலால் அதன் ஓசை தமிழில் எழுதப்பட்டிருந்தது. அதைப் பார்த்துப் பாடமாக்கியிருந்தான்; இத்தனை நாளும் அவன் வாசித்தது தமிழை.

மஃரிபுக்குப் பிறகு அதே பையன் குர்ஆனை விரித்தான். நான் காட்டிய, அவன் முன்பு ஓதியிராத ஆயத்தை மெதுவாக, எழுத்தெழுத்தாகக் கூட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி ஓதினான். இவனை மூளையில்லாதவன் என்று எப்படிச் சொல்வது? தமிழ், அரபு, சிங்களம், ஆங்கிலம் என்று நாலு வகை எழுத்து இந்தக் கரையோரப் பிள்ளைகளின் தலையில் ஏறுகிறது. இவர்களுடைய மூதாதையரோ தமிழையே அரபு எழுத்தில் எழுதியவர்கள். அரபில் இல்லாத தமிழ் ஓசைகளுக்குப் புது எழுத்தே செய்துகொண்டவர்கள்.

ஆங்கிலத்தின் மீதும் குற்றம் உண்டு. 26 எழுத்தை வைத்துக்கொண்டு நாற்பதுக்கு மேற்பட்ட ஓசைகளைச் சமாளிக்கிற மொழி அது. ஆய்வாளர் பிலிப் சீமோர் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், முதலாம் ஆண்டு முடிவில் பின்லாந்து, கிரேக்கப் பிள்ளைகள் பழகிய சொற்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாக வாசித்தார்கள். ஸ்கொட்லாந்துப் பிள்ளைகள் வாசித்தது மூன்றிலொரு பங்குதான். வீட்டிலே ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கே அந்தக் கதி.

நமது பாடசாலையில் முதல் இரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் வாய்ப்பேச்சு. மூன்றாம் ஆண்டில் புத்தகம் வருகிறது. ஆறாம் ஆண்டுப் பாடநூல், பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று எடுத்துக்கொண்டே ஆரம்பிக்கிறது. கீழ் வகுப்பில் படிப்பித்திருப்பார்கள் என்று மேல் வகுப்பு நம்புகிறது. மேலே பார்த்துக்கொள்வார்கள் என்று கீழ் வகுப்பு நம்புகிறது. இவ்வளவு நம்பிக்கை உள்ள இடத்தில் பிள்ளை எழுத்துக் கூட்டப் பழகாமல் போவதில் ஆச்சரியமில்லை. வகுப்பில் சேர் ஒரு வரி சொல்ல, நாற்பது பேரும் சேர்ந்து சொல்கிறார்கள். அந்தச் சத்தத்தில் வாசிக்கத் தெரியாதவனின் மௌனம் யாருக்கும் கேட்பதில்லை.

குர்ஆன் ஓதிக்கொடுக்கும் லெவ்வையிடம் இந்தத் தப்பித்தல் நடக்காது. ஒவ்வொரு பிள்ளையும் தனியே முன்னால் வந்து உட்கார வேண்டும். எழுத்துப் பிழைத்தால் பக்கம் திரும்பாது. (பிரம்பை நான் சிபாரிசு செய்யவில்லை.) பழைய காலத்து முறை என்று நாம் ஒதுக்குகிற இடத்தில்தான் வாசிப்பு ஒழுங்காக நடக்கிறது.

ஆனால் அதை அப்படியே தூக்கி ஆங்கில வகுப்பில் வைத்துவிடவும் முடியாது. குர்ஆனின் எழுத்தும் குறியும் பெரும்பாலும் ஒழுங்கு தவறாதவை. ஆங்கில எழுத்து அப்படியல்ல. அத்தோடு, பொருள் தெரியாமல் ஓதினாலும் நன்மை உண்டு என்று நம்புகிறோம். ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு வாக்குறுதியை யாரும் தந்ததில்லை. ஓசையோடு திருப்தியடையப் பழகிய பிள்ளை, ஒரு பந்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்டதும் திகைத்து நிற்கிறான்.

திகைத்தாலும் அப்போதைக்கு நட்டமில்லை. ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலம் தவறினாலும் உயர்தரம் படிக்கலாம், பல்கலைக்கழகமும் போகலாம். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில், வீட்டு வாசலிலேயே இருக்கிறது. உள்ளே போனபின் பல பாடநெறிகள் ஆங்கிலத்தில். எட்டாம் ஆண்டில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அங்கே விரிவுரையாளர் கேட்கிறார். இதற்கிடையில் ஊரில் கல்யாணக் கடிதங்கள் தங்க எழுத்தில், ஆங்கிலத்தில் வருகின்றன. மணமகன் பெயரைக் கண்டுபிடித்துவிட்டு மிச்சத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்கிறோம்.

உங்கள் வீட்டில் ஆறாம், ஏழாம் ஆண்டுப் பிள்ளை இருந்தால், இன்றிரவு ஆங்கிலப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் வரியை விட்டுவிடுங்கள். நடுவில் ஒரு சொல்லில் விரலை வையுங்கள். ஏசாமல் காத்திருங்கள்.