ஊசியும் மாத்திரையும்

நல்லெண்ணத்தோடு தொடங்கிய செயல் நன்மையிலேயே முடியும் என்று நாம் நம்புகிறோம். நன்மை யாரைச் சென்றடைகிறது, எவ்வழியே சென்றடைகிறது என்று இறுதிவரை பார்த்துநிற்பதும் நன்மை செய்வோரின் கடமை அன்றோ? ஓர் அறிவியலாளரின் வாழ்க்கை இக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

ரேமண்ட் ஷினாசி 1950இல் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். நாசர் ஆட்சிக் காலத்தில், சிறுவனாக இருந்தபோதே, குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. இங்கிலாந்தில் வேதியியல் கற்று, 1978இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். வைரஸ் தன்னைத்தானே படியெடுக்கும்போது, உண்மை எழுத்தைப்போல் தோன்றும் பொய் எழுத்து ஒன்றை இடையே நுழைத்து அப்பணியை நிறுத்திவிடலாம் என்பதே அவரது ஆய்வின் அடிப்படை. டென்னிஸ் லியோட்டா, வூ-பேக் சோய் ஆகியோருடன் இணைந்து அவர் கண்ட எம்ட்ரிசிடபின், 2003இல் ஒப்புதல் பெற்று, எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்வோர்க்கான கூட்டு மருந்துகளில் இன்றும் இடம்பெறுகிறது.

எச்.ஐ.வி. நம் உயிரணுவின் மரபுப்பொருளிலேயே கலந்து ஒளிந்துகொள்கிறது. ஆகவே மருந்து வாழ்நாளெல்லாம் தேவை. கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி வைரஸ் அவ்வாறு கலப்பதில்லை. அதனால் அதனை அடியோடு நீக்க இயலும். 1998இல் ஷினாசி தொடங்கிய பார்மாசெட் நிறுவனத்தில், மைக்கேல் சோஃபியாவும் குழுவினரும் சோஃபோஸ்புவிர் மருந்தை உருவாக்கினர். பிற மருந்துகளோடு சேர்த்து 12 வாரம் உட்கொண்டவர்களுள் பெரும்பாலோர் முற்றிலும் குணமடைந்தனர். பார்மாசெட்டை ஏறத்தாழ 1,100 கோடி டாலருக்கு வாங்கிய கிலியட் நிறுவனம், 2013 டிசம்பரில் இம்மருந்துக்கு அமெரிக்காவில் அறிவித்த விலை 12 வாரத்துக்கு 84,000 டாலர். மாத்திரை ஒன்றுக்கு 1,000 டாலர். கல்லீரல் மிகவும் கெட்டுப்போனவர்களுக்கு மட்டுமே மருந்து தரப்படும் என, ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டத்தில் அங்குப் பல மாநிலங்கள் வரையறுத்தன.

இனி, ஷினாசி பிறந்த நாட்டைப் பார்ப்போம். 1950களிலிருந்து 1980கள் வரை, நைல் நாட்டு உழவர்களை வாட்டிய பில்ஹார்சியா என்னும் ஒட்டுண்ணி நோயை ஒழிக்க எகிப்து அரசு ஊர் ஊராக ஊசி போட்டது. சரிவரத் தூய்மை செய்யப்படாத ஊசிகள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சென்றன. ஹெப்படைட்டிஸ் சி வைரஸ் 1989இல்தான் அடையாளம் காணப்பட்டது. எனவே பரவியது எது என்று அன்று எவருக்கும் தெரியாது. 2008இல் நடந்த ஆய்வில், 15 முதல் 59 வயதுவரையுள்ள எகிப்தியருள் 100க்கு ஏறத்தாழ 15 பேரின் இரத்தத்தில் இந்நோய் தொற்றியதன் அடையாளம் காணப்பட்டது. தீய எண்ணம் ஒருவரிடமும் இல்லை. குணமாக்க நீண்ட கைதான் நோயையும் கொடுத்தது.

அந்நாட்டிற்கு 2014இல் அதே மாத்திரை 12 வாரத்துக்கு 900 டாலருக்குக் கிடைத்தது. பின்னர் உள்நாட்டிலேயே தயாரானபோது விலை மேலும் வீழ்ந்தது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்குச் சோதனை செய்து, நோயுற்றோர்க்கு இலவசமாக மருந்தளித்தனர். 2023இல் உலக நலவாழ்வு நிறுவனம் அச்சாதனையைப் பாராட்டியது.

ஆய்வுக்குப் பெரும்பொருள் வேண்டும், தோல்விகளின் செலவையும் வெற்றி பெற்ற மருந்தே ஈடுசெய்யவேண்டும் என்பர். அது மெய்யே, உழைத்தோர்க்கும் துணிந்து முதலிட்டோர்க்கும் உரிய பயனை நாம் மறுக்கவில்லை. எனினும் ஒரே மாத்திரை ஓரிடத்தில் 84,000, மற்றோரிடத்தில் 900 என்றால், விலை இயற்கையின் விதியன்று. மனிதர் எடுக்கும் முடிவு. மனிதர் எடுத்த முடிவுக்குக் காரணம் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

ஊசியைத் தூய்மை செய்ய மறந்ததும், மாத்திரையை எட்டாத உயரத்தில் வைத்ததும் ஒன்றல்ல. முன்னது அறியாமை, பின்னது அறிந்தே செய்தது. ஆயினும் இரண்டிலும் நாம் காணும் குறை ஒன்றே: நன்மை புறப்பட்ட இடத்தையே பார்த்தோம், அது போய்ச் சேரும் இடத்தைப் பார்க்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் கண்ட மருந்து பாதி வழிதான் வந்திருக்கிறது. மீதி வழியை நடக்கவேண்டியவர்கள் அறிவியலாளர் மட்டுமல்லர். விலையை ஏற்றுக்கொண்டு வாளாவிருக்கும் நாமும்தாம்.