அச்சமும் நகையும்

மலிவாக எடுக்கப்பெற்ற பேய்ப்படங்களைப் பார்த்துச் சிரிப்பது மூடநம்பிக்கையை வளர்க்கும் என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை.

விட்டலாச்சாரியா 1978இல் தெலுங்கில் இயக்கித் தமிழுக்கும் வந்த 'ஜகன்மோகினி'யில், பேய் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்து எரிக்கிறது. இத்தகைய படங்களில் பொம்மையை ஆட்டும் கயிறும் சிலவேளை கண்ணுக்குத் தெரியும். திருகோணமலைத் துறைமுகத் தொழிலாளியும் அவர் பிள்ளைகளும் அதைக் கண்டு விழுந்து விழுந்து சிரிப்பர். எளிய கலைஞரின் கைவேலையை அவர்கள் எள்ளவில்லை. தம்மை அச்சுறுத்தியது மனிதர் செய்த பொருளே என்று கண்டு களிக்கின்றனர்.

அச்சத்தின் காரணங்களைத் தொல்காப்பியர் நான்காக வகுத்தார். பேயும் தெய்வமுமாகிய அணங்கில் தொடங்கி, விலங்கையும் கள்வரையும் கூறி, ஆள்வோனாகிய இறையில் முடித்தார். முதலாம் அச்சத்தை நாம் நகையாக்கிவிட்டோம். நான்காவதை?

2006 ஜனவரி 2ஆம் நாள் இந்நகர்க் கடற்கரையில் ஐந்து மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பெற்ற விசேட அதிரடிப்படையினர் 13 பேரும் போதிய சான்றில்லையென 2019இல் விடுவிக்கப்பட்டனர். இங்கே எவர்க்கும் நகை பிறக்கவில்லை. கயிறு மறைந்தே கிடக்கிறது.

ஆதலின், திரையிலே கயிற்றைக் கண்டு சிரிக்கும் மாணவனை நாம் கடியலாகாது. மறைந்த கயிற்றையும் நாளை தேடப்போவது அக்கண்ணே.