பழுது பார்த்து வைத்த பகை

நம் பேரன் ஒருவன் அமெரிக்காவில் பொறியாளனாகப் பணிபுரிகின்றான். சென்ற ஆண்டு ஆடித் திங்களில் தொலைபேசி வழியே நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினான். அவனோடு பணியாற்றி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் பழைய ஜெர்மானியக் கைத்துப்பாக்கிகளைச் சேகரிப்பவராம். அவற்றுள் ஒன்றை இவனுக்கு விற்க முன்வந்தாராம். "பாட்டி, அதில் தோட்டா இல்லை. நான் அதைச் சுடப்போவதும் இல்லை. நூறாண்டுப் பழைமை உடைய பொருள், கண்ணாடிப் பேழையில் வைத்திருப்பேன். நம் குடும்பத்தில் பிறந்தவன் இதை வாங்கலாமா?" என்று கேட்டான்.

பொருளை அறியாமல் தீர்ப்புக் கூறலாகாது என்பது ஆசிரியப் பயிற்சிக் காலத்திலேயே நம் மனத்தில் பதிந்த பாடம். ஆகவே, அவன் அனுப்பிய நூல்களைச் சில வாரங்கள் பொறுமையாகப் படித்தோம். அறிந்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது நலம் எனக் கருதுகின்றோம்.

அத்துப்பாக்கிக்கு லூகர் என்று பெயர். ஜார்ஜ் லூகர் என்பவர் வடிவமைத்த அதனை ஜெர்மானியக் கடற்படை 1904ஆம் ஆண்டிலும், தரைப்படை 1908ஆம் ஆண்டிலும் ஏற்றுக்கொண்டன. அதற்குரிய 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்குப் பாராபெல்லம் என்று பெயர். அமைதியை விரும்புவோன் போருக்கு ஆயத்தம் செய்க எனப் பொருள்படும் பழைய லத்தீன் வழக்கிலிருந்து வந்த பெயர் அது. போருக்கு ஆயத்தமாதலே அமைதிக்கு வழி என்னும் அக்கருத்து எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை அடுத்து வந்த ஆண்டுகள் காட்டின.

முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றது. 1919ஆம் ஆண்டு கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கை அந்நாட்டுப் படையை 1,00,000 பேருக்குள் அடக்கியது. எஞ்சிய துப்பாக்கிகளுள் அரசு வைத்துக்கொண்டவற்றின் மீது, அரசுடைமை என்பதற்கு அடையாளமாக 1920 என்னும் எண் பொறிக்கப்பட்டது. ஆகவே ஒரே துப்பாக்கியில் 1917 என்றும் 1920 என்றும் இரண்டு ஆண்டுகள் காணப்படுவதுண்டு. முன்னது போருக்காகச் செய்த ஆண்டு, பின்னது அமைதிக் காலத்தில் எடுத்து வைத்த ஆண்டு.

எடுத்து வைத்தவற்றைப் பழுது பார்த்தார்கள். தேய்ந்த குழல்களை மாற்றினார்கள். வெவ்வேறு துப்பாக்கிகளின் உறுப்புகளை ஒன்றாக இணைத்து, எண்களைத் திருத்திப் பொறித்தார்கள். இரும்புக்குக் கருநீல மெருகு ஏற்றினார்கள். 1939ஆம் ஆண்டு இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, முதற்போரில் செய்த துப்பாக்கிகள் பல மீண்டும் போர்க்களம் புகுந்தன.

இப்பணியில் ஈடுபட்ட நிறுவனங்களுள் ஸூல் என்னும் ஊரிலிருந்த சிம்சன் நிறுவனம் குறிப்பிடத்தக்கது. 1920களில் படைக்கு இத்துப்பாக்கிகளைச் செய்து தரும் உரிமையை அது பெற்றிருந்தது. அதனை நடத்தியவர்கள் யூதக் குடும்பத்தினர். நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர், 1930களின் நடுவில், அவர்களிடமிருந்து ஆலை பறிக்கப்பட்டது. குடும்பத்தினர் நாட்டைவிட்டுத் தப்பியோடினர். ஆலையைப் பறிப்பதில் முன்நின்ற பிரிட்ஸ் சௌக்கெல் என்னும் நாஜித் தலைவர், பிற்காலத்தில் பல இலட்சம் அயல்நாட்டவரைக் கட்டாய உழைப்புக்கு இழுத்துச் சென்ற குற்றத்திற்காக 1946ஆம் ஆண்டு நூரம்பர்க்கில் தூக்கிலிடப்பட்டார். ஆயுதம் தன்னைச் செப்பனிட்டவனையும் காக்கவில்லை, ஆலையைப் பறித்தவனையும் காக்கவில்லை.

இவ்வரலாறெல்லாம் நமக்குத் தெரிவது சேகரிப்போரின் உழைப்பினால் என்பதையும் மறைத்தலாகாது. ஓலைச்சுவடிகளின் பாட வேறுபாடுகளை ஒப்பிடும் புலவரைப்போல, அவர்கள் ஒவ்வொரு முத்திரையையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஆராய்கின்றனர். அவர்களுட் பலர் ஓர் ஈக்கும் தீங்கு எண்ணாதவர்களாக இருக்கலாம். அவர்களை இகழ்தல் நம் நோக்கமன்று.

எனினும் பேரனின் வினா வேறு. அது அறத்தைப் பற்றிய வினா. அந்நாட்டுச் சட்டம் 50 ஆண்டு கடந்த துப்பாக்கிகளை அரும்பொருள் எனக் கொள்ள இடமளிக்கிறது. சட்டம் இசைவதெல்லாம் சிராவகருக்கு இசையுமா?

நம் ஆசாரியர்கள் இல்லறத்தாருக்கு வகுத்த குணவிரதங்களுள் அனர்த்த தண்ட விரதம் ஒன்று. பயனின்றி விளையும் தீங்கை விலக்குவது அது. அதன் ஐந்து பிரிவுகளுள் ஒன்று இம்சா தானம், அதாவது கொலைக்கருவிகளைப் பிறருக்கு வழங்குதல். வாளோடு கோடரியும் மண்வெட்டியும்கூட அங்கே எண்ணப்படுகின்றன. மண்வெட்டியால் உழவு நடக்கிறது. அரிவாள்மணையின்றிச் சமையல் இல்லை. இல்லறத்தில் தவிர்க்க இயலாத கருவிகள் உண்டு. கண்ணாடிப் பேழையிலுள்ள துப்பாக்கிக்கு அத்தகைய பயன் யாது?

"நான் வழங்கவில்லையே, வைத்துக்கொள்ளத்தானே போகிறேன்" என்றான் பேரன். நாம் அவனிடம் இரண்டு செய்திகளைக் கூறினோம். ஒன்று, விலை கொடுப்போர் பெருகப் பெருக அப்பொருளுக்கு மதிப்பு ஏறும். கொலைக்கருவிக்கு மதிப்பு ஏற்றுவதில் நமக்கும் பங்கு வேண்டா. மற்றொன்று, அது பொம்மையன்று. அதே 9 மில்லிமீட்டர் தோட்டா இன்றும் உலகெங்கும் செய்யப்படுகிறது. உன் காலத்திற்குப் பின் அது யார் கைக்குப் போகும் என்பது உனக்குத் தெரியாது. இன்று வைத்திருத்தல் நாளை வழங்குதலே ஆகும். வரலாறு வேண்டுமாயின் நூல்கள் உள்ளன, அருங்காட்சியகங்கள் உள்ளன. தற்செயலாக உன் கைக்கு வந்து சேருமாயின், சுட இயலாதவாறு செய்து, சிம்சன் குடும்பத்தின் கதையையும் எழுதி, அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துவிடு.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரி பாட்டி, வாங்கவில்லை. ஆனால் நம் வீட்டில் அப்படி எதையும் யாரும் எடுத்து வைத்திருக்கவில்லையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். நமக்கோ உறக்கம் வரவில்லை. நம் டிரங்குப் பெட்டியில் ஒரு கடிதம் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் உடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர், நம் நேர்மையை ஐயுற்று எழுதியது. பெட்டியை ஒழுங்குசெய்யும் போதெல்லாம் அதைப் பிரித்துப் படிப்போம். மங்கிய சொற்களுக்கு நம் நினைவால் மெருகேற்றுவோம். பின்னாளில் நேர்ந்த வேறு வருத்தங்களின் உறுப்புகளையும் அதனோடு இணைத்தோம். மீண்டும் மடித்துப் பெட்டியில் வைத்தோம். துப்பாக்கியைப் பழுது பார்த்தவர்கள் செய்ததும் இதுவேயன்றோ?

குரோதம் நான்கு வகைப்படும் என்று நம் நூல்கள் கூறும். நீரில் கீறிய கோடு, மணலில் கீறிய கோடு, நிலத்தில் கீறிய கோடு, கல்லில் கீறிய கோடு. கல்லில் கீறிய கோடு போன்றதே அனந்தானுபந்தி. நமது சினம் தொடக்கத்தில் மணற்கோடாகத்தான் இருந்திருக்கும். ஆண்டுதோறும் எடுத்துக் கீறிக் கீறி நாமே அதனைக் கற்கோடாக ஆக்கினோம். தோட்டா இல்லாத துப்பாக்கி தீங்கற்றது எனப் பேரன் எண்ணினான். பேசாத பகை தீங்கற்றது என நாம் எண்ணினோம். ஓருயிருக்கும் ஊறு செய்யாமலே எண்ணத்தால் நேரும் இம்சை உண்டு என்பதை எத்தனையோ முறை பிறருக்கு எடுத்துரைத்த நாம், நம் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

தசலட்சண பருவத்தின் நிறைவில், அனைவரிடமும் மன்னிப்புக் கோரும் நாளில், அந்த ஆசிரியைக்குத் தொலைபேசியில் பேசினோம். எண்பதைக் கடந்த அவர் நம் குரலைக் கேட்டு மகிழ்ந்தார். முழங்கால் வலியைப் பற்றியும் பேத்தியின் திருமணத்தைப் பற்றியும் பேசினார். கடிதத்தைக் குறிப்பிட்டோம். அப்படி ஒன்று எழுதியதே அவருக்கு நினைவில்லை.

அன்று மாலையே அதைக் கிழித்தெறிந்தோம்.